ஓணாங்கோழிக்கு அரை இறக்கை

ஆய்வுக்கூடத்துக் கோப்பில் அவற்றின் பெயர் ‘மீள்தொல்லினம் நான்கு’. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவை தீவனத் தட்டைக் கவிழ்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடும். அவசரத்துக்கு உதவாத பெயர் எதற்கு என்று, அவற்றுக்குத் தீவனம் வைக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே பாவாயி அவற்றை ஓணாங்கோழி என்று கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

பார்த்தவுடன் அந்தப் பெயர்தான் தோன்றும். முன்னாலிருந்து பார்த்தால் கோழி, பின்னாலிருந்து பார்த்தால் ஓணான். அலகு இருக்க வேண்டிய இடத்தில் கூரான வாய். வாய்க்குள் அரிசி நொய் போலப் பொடிப் பற்கள். உடம்பைவிட நீளமான எலும்பு வால், அதன் இருபுறமும் தென்னங்கீற்றைப் போல இறகு. இறக்கையின் மடிப்பில் மூன்று விரல், விரலுக்கு ஒரு நகம். கையில் இருக்கும் இறகு போதாதென்று காலிலும் நீள நீளமாக இறகு. பாவாயியின் புருஷன் சென்னியப்பன் முதல்முறை பார்த்துவிட்டு, “இதென்ன, பேண்ட்டு போட்ட கோழி” என்றான்.

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய முட்டைக்கோழிப் பண்ணை அது. கோழியே இல்லாமல் முட்டை செய்யும் ஆலைகள் வந்தபிறகு அந்தப் பக்கத்துக் கொட்டகைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. இந்தக் கொட்டகையை ஓர் ஆய்வுக்கூடம் குத்தகைக்கு எடுத்தது. இருபது வருஷமாக அங்கே தீவனம் வைத்து, தண்ணீர் பார்த்து, முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பாவாயியும் கொட்டகையோடு சேர்ந்து குத்தகைக்கு வந்ததுபோல அங்கேயே இருந்துவிட்டாள்.

ஆய்வுக்கு வந்தவள் டாக்டர் இவாஞ்சலின். பாளையங்கோட்டைக்காரி. முப்பத்தொரு வயசு. முட்டைக்குள் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். முட்டையை விட்டு வெளியே வந்தபிறகு நடப்பது எதுவும் தெரியாது. முதல் நாளே ஒரு குஞ்சைத் தலைகீழாகத் தூக்கிக் கடி வாங்கினாள்.

“கோழி முட்டைக்குள்ள பழைய ஞாபகம் தூங்கிட்டிருக்குக்கா,” என்று கட்டுப் போட்ட விரலோடு பாவாயிக்கு விளக்கினாள். “பல்லு முளைக்க வைக்கறது, வாலை நீட்டறது, இதெல்லாம் எப்படின்னு அதுக்கு இன்னும் தெரியும். மறக்கல, தூங்குது. நாங்க எழுப்பி விட்டிருக்கோம்.”

“தூங்கறதை எழுப்புனா கடிக்கத்தானுங்க செய்யும்,” என்றாள் பாவாயி. “அப்ப இதுக டைனோசருங்களா?”

“அப்படியே டைனோசர்னு சொல்லிர முடியாது. பதினஞ்சு கோடி வருஷத்துக்கு முந்தி இறகு வச்ச சின்ன டைனோசர்கள் இருந்துச்சுல்லா, அதோட சாயல். உங்க பேத்தி உங்க சாயல்ல இருக்க மாதிரி.”

“என்ற பேத்தி கடிக்காதுங்க.”

இவாஞ்சலின் கண்டுபிடிக்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: பறப்பது எப்படித் தொடங்கியது. மரத்தின் மேலிருந்து குதித்துக் குதித்துப் பறக்கக் கற்றன என்று ஒரு கட்சி. தரையில் ஓடி ஓடி மேலே எழும்பின என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் நூற்றைம்பது வருஷமாகச் சண்டை போட்டும் ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டு பேருமே முழிப்பார்கள்.

“முழு இறக்கை இருந்தாப் பறக்கலாம். சரி. ஆனா இறக்கை ஒரே நாள்ல முழுசா வந்திருக்காதே. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்திருக்கும். பறக்கவே உதவாத அரை இறக்கைய வச்சிக்கிட்டு அது அத்தனை காலம் என்ன செஞ்சுச்சு?”

“விசிறிக்கிட்டிருந்திருக்கும்,” என்றாள் பாவாயி. அந்தக் கொட்டகைப் புழுக்கத்தில் அது ஒன்றும் மோசமான பதிலில்லை.

கொட்டகைக்கு நடுவே பத்தடி உயரத்தில் ஒரு மேடை கட்டினார்கள். கீழே வைக்கோல் பரப்பினார்கள். சுற்றிலும் கேமரா. காலையில் ஒவ்வொரு ஓணாங்கோழியாக மேடையில் ஏற்றி, மெல்லத் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டது ஒவ்வொன்றும் நான்கு இறக்கையையும் விரித்து, வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, பம்பரம் சாய்வதுபோல வைக்கோலில் விழும். எட்டு மாதம் விழுந்தன. ஒன்றுகூட இடப்பக்கம் சுற்றவில்லை. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

பொட்டு மட்டும் விழவில்லை. அது குதிக்கவே இல்லை. கடைசியாகப் பொரித்த குஞ்சு அது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. மேடை விளிம்பில் உட்கார்ந்து இறகு கோதிக்கொள்ளும். தள்ளினால் விரல் நகத்தால் பலகையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பாவாயியின் தோளுக்கு நடந்து வந்துவிடும். பாவாயி அதைத் தோளில் வைத்துக்கொண்டே கொட்டகை முழுக்கத் தண்ணீர் பார்ப்பாள்.

ஆடி பிறந்ததும் ஒரு கடிதம் வந்தது. இவாஞ்சலின் அதை இரண்டு முறை மனதுக்குள் படித்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படித்தாள். உயிரிப் பாதுகாப்புக் குழுவிலிருந்து அதிகாரி ஒருவர் பன்னிரண்டாம் நாள் நேரில் வருகிறார். அன்றைக்குள் ஆய்வில் பயனுள்ள முடிவு எதுவும் காட்டாவிட்டால், ஆய்வு மூடப்பட்டு உயிரினங்கள் அப்புறப்படுத்தப்படும்.

“அப்புறப்படுத்தறதுன்னா வேற பண்ணைக்கு அனுப்பறதுன்னு இருக்கும்க்கா,” என்றாள் இவாஞ்சலின். ஆனால் பாவாயியின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பாவாயிக்கு அந்த வார்த்தை தெரியும். பறவைக் காய்ச்சல் வந்த வருஷம் இதே கொட்டகைக்குப் பின்னால் பொக்லைன் வந்து குழி வெட்டியது. கோழிகளை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். மேலே சுண்ணாம்பு. அன்றைக்கு வந்த தாளிலும் அப்புறப்படுத்துதல் என்றுதான் எழுதியிருந்தது. மண் போட்டபிறகும் சிறிது நேரம் அடியில் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவளால் முட்டை சாப்பிட முடியவில்லை.

“பறந்துட்டா விட்டுருவாங்களா?” என்று கேட்டாள்.

“பறந்துட்டா அதைவிடப் பெரிய முடிவு என்னக்கா வேணும்? உலகமே திரும்பிப் பாக்கும். ஆனா எட்டு மாசமாப் பறக்கலியே. என்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான்.” அவள் கணினியில் ஒரு படத்தை விரித்தாள். “நான் கண்டுபிடிச்ச புது விஷயம். வலச்சுழல்போக்குன்னு பேரு வச்சிருக்கேன். ஆதியில பறக்கப் பாத்ததெல்லாம் வலப்பக்கமாத்தான் சுத்தியிருக்குது. ஏன்னா அதுகளோட வலது இறக்கையில இறகு விட்டு விட்டு அமைஞ்சிருக்கு. பாருங்க, வெளியோரம் ரெண்டு இறகு நீளம். அதுக்கு உள்ள ஏழெட்டு இறகு குட்டை. எல்லாத்துலயும் இதே மாதிரி. எந்தப் புதைபடிவத்துலயும் இப்படி இல்ல. இதைப் பத்தி மட்டுமே நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்.”

பாவாயி படத்தை உற்றுப் பார்த்தாள். தோளில் இருந்த பொட்டுவும் எட்டிப் பார்த்தது. திரையில் அந்தக் குட்டை இறகுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

“டாக்டரம்மா,” என்றாள் கடைசியில். “அது நான் வெட்டுனதுங்க.”

“எது?”

“அந்தக் குட்டையா இருக்கற இறகு.”

இவாஞ்சலின் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆறு வாரம் ஆனா வலது றெக்கைய வெட்டி விடறது பழக்கமுங்க. ஒரு பக்கம் வெட்டுனாத்தான் நிலை தடுமாறி, வேலி தாண்டாது. ரெண்டு பக்கமும் வெட்டுனா எப்படியாச்சும் சமாளிச்சுப் போயிரும். வெளியோரம் ரெண்டு இறகை விட்டுருவனுங்க. மடக்கி வச்சா வெட்டுனது தெரியாது, பார்வைக்கு லட்சணமா இருக்கும்.”

“எப்ப வெட்டுனீங்க?”

“செவ்வாய்க்கெழமை. நீங்க மீட்டிங்குக்குப் போவீங்கல்ல, அன்னைக்கு.”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“கூட்டறதையும் கழுவறதையும் உங்ககிட்டச் சொல்லுலீங்களே. அதாட்டம் இதுவும் ஒரு வேலைன்னு செஞ்சனுங்க.”

இவாஞ்சலினுக்குக் கோபம் வந்தால் படித்த பேச்சு போய் ஊர்ப்பேச்சு வந்துவிடும். “பெங்களூர்ல நூத்தியிருவது பேரு முன்னால நின்னு பேசுனேன்க்கா. கைதட்டுனாவ. ஜெர்மனிலேந்து ஒருத்தரு எழுந்து நின்னு, இந்த இறகமைப்பு அற்புதம்னு சொன்னாரு. அது ஒங்க கத்திரிக்கோல்னு நான் அவருகிட்ட எப்படிப் போயிச் சொல்லுவேன்?”

“நான் வேணா வந்து சொல்றனுங்க.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இவாஞ்சலின் இரண்டையும் கொஞ்சம் செய்தாள். பிறகு, “இனிமே ஒண்ணையும் வெட்டாதீங்க. வெட்டுனது எப்ப முளைக்கும்?” என்றாள்.

“வெட்டுன இறகு வளராதுங்க. அது உதுந்து புதுசு வரோணும். இறகு உதுர்றது ஐப்பசியிலதான்.”

ஐப்பசிக்கு மூன்று மாதம் இருந்தது. அதிகாரி வருவதற்குப் பன்னிரண்டு நாள். வெட்டுப்படாத இறக்கை பொட்டுவுக்கு மட்டும்தான் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அதற்கு ஆறு வாரம் முடியும். அதை மேடையில் ஏற்றினார்கள். நிலக்கடலையைக் காட்டி, கைதட்டி, கெஞ்சிப் பார்த்தார்கள். அது விளிம்பில் உட்கார்ந்து தூங்கிவிட்டது.

மற்ற நாளெல்லாம் ஐந்து மணிப் பேருந்துக்கு இவாஞ்சலின் கிளம்பிவிடுவாள். அன்றைக்குக் கிளம்பவில்லை. தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை எப்படித் தேற்றுவது என்று பாவாயிக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக அவற்றின் இறக்கையைப் பிடித்தது தன் கைதான். குழி வெட்டினால் அதையும் தன் கைதான் வெட்டியதாக ஆகும். டீ போட்டுக் கொடுத்தாள். அது ஆறிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரம் ஓணாங்கோழிகள் அடையத் தொடங்கின. பழைய கூண்டு வரிசையின் உச்சியில்தான் அவை தூங்கும். அங்கே ஏற பாவாயி ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்திருந்தாள். செங்குத்தான சாய்வு, வழுக்கும் தகரம். முதல் ஓணாங்கோழி தகரத்தின் அடியில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. அடுத்த நொடி, படபடவென்று இறக்கையை அடித்துக்கொண்டே ஓடி, சுவரில் பல்லி ஏறுவதுபோல உச்சிக்குப் போய்விட்டது. கொஞ்சம் கோணலாகப் போனது, ஆனாலும் போய்விட்டது. பின்னாலேயே அடுத்தது, அதற்கு அடுத்தது.

இவாஞ்சலின் எழுந்து நின்றாள். டீ கவிழ்ந்தது.

“அக்கா, இது என்ன?”

“அடையப் போவுதுங்க.”

“தினமும் இப்படியா?”

“தினமும்தானுங்க. நாட்டுக்கோழிக் குஞ்சும் இப்படித்தான் ஏறும்.”

“இத்தனை நாள் ஏன் எங்கிட்ட...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். “சரி. நான்தான் அஞ்சு மணிக்குப் போயிருதேன்.”

மறுநாள் தகரத்தை இன்னும் நிமிர்த்தி வைத்தார்கள். ஏறின. இன்னும் நிமிர்த்தினார்கள். ஏறின. சுவர் மாதிரி நிறுத்தியபோதுதான் பாதி வழியில் திணறின. பிறகு இவாஞ்சலின் சொன்னபடி பாவாயி தன் பழைய சேலையைக் கிழித்து, இறக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டி விட்டாள். கட்டியபிறகு, பாதிச் சாய்விலேயே கால் வழுக்கி, புட்டம் தேய்ந்து கீழே வந்து நின்று, இருவரையும் முறைத்தன.

“மேல தூக்கறதுக்கு இறக்கை அடிக்கலக்கா,” என்று தரையில் குப்புறப் படுத்துக் கேமராவைப் பார்த்துக்கொண்டே இவாஞ்சலின் சொன்னாள். “தன்னையே தகரத்தோட சேத்து அமுக்கறதுக்கு அடிக்குது. அமுக்கினாத்தான் கால் பிடிக்கும்.”

“எங்க வீட்டுக்காரர் மொபெட்டு அப்படித்தானுங்க. மழைநாள்ல அவரு தனியாப் போனா மேட்டுல சக்கரம் வழுக்கும். பின்னால நான் உக்காந்தா ஏறிரும். அதனாலதான் என்னையக் கூட்டிக்கிட்டே போவாரு. ஆசையிலன்னு ஊருக்குள்ள நெனச்சுக்கிட்டாங்க.”

இவாஞ்சலின் படுத்த இடத்திலேயே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

“அரை இறக்கை. பறக்க உதவாத அரை இறக்கை என்ன செஞ்சுச்சுன்னு கேட்டாங்கல்லா. இதைத்தான் செஞ்சுச்சு. துரத்திட்டு வர்றவனுக்குத் தப்பிச்சு மேட்டுல ஏறுச்சு. ஏறி ஏறித்தான் இறக்கை பெருசாச்சு. முழு இறக்கை இருந்திருந்தா இதை நான் பாத்திருக்கவே மாட்டேன். நீங்க வெட்டினதாலதான் பாத்தேன்.”

“அப்ப ஜெர்மனிக்காரர்கிட்ட நான் சொல்ல வேண்டியதில்லீங்களா?”

“வேண்டாம்க்கா. ஆனா கோணலா ஏறக்கூடாது, அது மட்டும்தான் பாக்கி. இடது பக்கமும் அதே அளவு இருந்தாத்தான் சோதனைன்னு ஒத்துக்குவாங்க.” அவள் கண் கத்திரிக்கோல் மாட்டியிருந்த ஆணிக்குப் போனது.

பாவாயி கத்திரிக்கோலை எடுத்துவந்தாள். முப்பத்தாறு ஓணாங்கோழிகளுக்கும் இடது இறக்கையை அளந்து வெட்டினாள். கடைசியாகப் பொட்டுவின் முறை வந்தபோது அதன் இறக்கையை விரித்துப் பிடித்தாள். ஒன்றுகூடக் குறையாத இறகுகள், வெயிலில் எண்ணெய் தடவியதுபோல மின்னின. கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். “இது தூங்குமூஞ்சிங்க. இருந்துட்டுப் போவுது,” என்றாள். இவாஞ்சலின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, சரி என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பெயர் வைத்தியலிங்கம். ஓய்வுபெற ஒரு வருஷம் இருக்கும். தடித்த கண்ணாடி, கையில் விதிப் புத்தகம். தானே ஜீப் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். டீ வேண்டாம் என்றார். பிறகு ஓணாங்கோழிகள் தகரத்தில் ஏறுவதைப் பார்த்துவிட்டு, டீ வேண்டும் என்றார். கட்டு அவிழ்த்தபோது ஏறுவதையும், கட்டியபோது வழுக்குவதையும் மாறி மாறி ஆறு தடவை பார்த்தார். கடைசித் தடவை அவரே போய்த் தகரத்தை நிமிர்த்தினார்.

“அரை இறக்கைக்கு இவ்வளவு வேலை இருக்கா,” என்றார். “பயனுள்ள முடிவுதான். சந்தேகமே இல்லை. ஆனா இதுல எதுவும் பறக்காது, இல்லையா?”

“பறக்காது சார்,” என்றாள் இவாஞ்சலின், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

“நல்லவேளை.” அவர் பையிலிருந்து இரண்டு உறையை எடுத்து மேசையில் வைத்தார். “ரெண்டு உத்தரவு தட்டச்சுப் பண்ணிக் கொண்டுவந்தேன் பாருங்கம்மா. ஒண்ணு, பயன் இல்லைன்னா மூடறதுக்கு. இன்னொண்ணு, பறந்தா அழிக்கறதுக்கு.”

“பறந்தா... அழிக்கறதுக்கா?”

“பறக்கிற மாற்றுயிரைத் திறந்த பண்ணையில வைக்கக் கூடாது. மலைக்குப் போயிட்டா யார் பிடிக்கறது? விதி ஒன்பது. எட்டு மாசத்துல இதுல ஒண்ணே ஒண்ணு பறந்திருந்தாலும் மறுநாளே வந்திருப்பேன். பயனும் இருக்கும், பறக்கவும் பறக்காதுன்னு நான் நினைக்கவே இல்லை. மூணாவது உத்தரவைக் கையாலதான் எழுதணும்.”

இவாஞ்சலின் பாவாயியைப் பார்த்தாள். எட்டு மாதம் மேடையிலிருந்து தள்ளித் தள்ளி அவள் எதற்காகக் காத்திருந்தாளோ, அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது. பாவாயியோ வாசல் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து பொட்டுவை அவள் பார்க்கவில்லை. வெளியே களத்தில் காயப்போட்ட மக்காச்சோளக் குவியல்மேல் விட்டதோடு சரி.

அப்போதுதான் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. சென்னியப்பன் தீவனம் கொண்டுவருகிறான். அது தானாக ஓடும் மின்சார டிராக்டர், சத்தமே வராது. ஆகவே ஆள் ஒருவன் மேலே உட்கார்ந்து ஹாரன் அடிக்க வேண்டும் என்று கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருந்தார்கள். இருக்கிற ஒரே வேலை அது என்பதால் சென்னியப்பன் அதை மனப்பூர்வமாகச் செய்வான். நீளமாக ஒன்று அடித்தான். அடுத்ததை அடிக்கவில்லை.

“ஏ பாவாயி,” என்று அவன் குரல்தான் வந்தது. “உன்ற பொட்டு எதுக்குப் புள்ள தண்ணி டேங்கு மேல...”

ஜீப்பைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிவிட்டான். ஆனால் வைத்தியலிங்கம் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே இருவரும் ஓடினார்கள்.

இருபதடித் தூண்கள், அவற்றின்மேல் சிமெண்டுத் தொட்டி. தொட்டியின் விளிம்பில் பொட்டு உட்கார்ந்திருந்தது. வால் பின்னால் தொங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது கீழே நின்றே தெரிந்தது.

“ஏணி இருக்கா?” என்றார் வைத்தியலிங்கம்.

“போன மழையில ஒடஞ்சு போச்சுங்க,” என்றாள் பாவாயி.

“அப்ப எப்படி மேல போச்சு?”

பாவாயியும் இவாஞ்சலினும் பார்க்கவில்லை என்பது சத்தியம். அவர் சென்னியப்பன் பக்கம் திரும்பினார். பாவாயியும் திரும்பினாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் சென்னியப்பன் ஒரு சேதியைச் சொல்லாமல் வைத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. பக்கத்து ஊரில் மாடு கன்று போட்டால்கூட வீடு வரும்வரை அவனுக்குத் தாங்காது.

“நான் ரோட்டைப் பாத்து வந்துக்கிட்டிருந்தனுங்க,” என்றான் சென்னியப்பன்.

“வண்டிதான் தானா ஓடுதே.”

“ஓடுமுங்க. இருந்தாலும் ஒரு கண்ணு வைக்கோணுமில்லீங்களா. மெஷினை முழுசா நம்பறவன் நானில்லீங்க.”

வைத்தியலிங்கம் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். “பறத்தல் என்பது, ஓர் உயிரி தன் சொந்த இறக்கையால் தரையிலிருந்து மேலெழுவது.” பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “மேலெழுந்ததைப் பார்த்தவங்க யாரும் இல்லை. இறங்கறதைப் பத்தி இதுல ஒரு வரிகூடக் கிடையாது.” புத்தகத்தை மூடினார். “இறங்கட்டும். பார்ப்போம்.” டிராக்டர் பெட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பாவாயி கை நிறையச் சோளத்தை அள்ளினாள். கூப்பிடப் பயமாக இருந்தது. நடுவழியில் அதற்கு மேலே போகத் தோன்றிவிட்டால் எல்லாம் முடிந்தது. கூப்பிடாமல் விட்டால், அங்கேயே பயந்து கிடக்கும். மேடையில் எத்தனையோ தடவை கெஞ்சியும் குதிக்காத பிராணி.

“பா... பா... பா,” என்றாள்.

பொட்டு தலையைச் சாய்த்துப் பார்த்தது. எழுந்து நின்றது. பிறகு, யாரும் தள்ளாமலே, விளிம்பை விட்டுக் குதித்தது. கையும் காலும் விரிந்து நான்கு இறக்கையாயின. ஒரு தடவைகூட அடிக்கவில்லை. காற்றில் வைத்த தட்டைப் போல மிதந்து, கொட்டகைக் கூரையின் ஓரமாக வந்து, வேப்பமரத்தைத் தவிர்த்து இடப்பக்கமாகத் திரும்பி, பாவாயியின் காலடியில் இறங்கியது. வேகம் அடங்காமல் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, எழுந்து, ஒன்றும் நடக்காததுபோலச் சோளத்தைத் தின்றது.

வைத்தியலிங்கம் மூச்சு விட்டார். அதுவரை விடவில்லை போலிருக்கிறது.

“இறங்கினதைப் பார்த்தேன்,” என்றார். பெட்டியில் உட்கார்ந்தபடியே மூன்றாவது உத்தரவை எழுதினார். ஆய்வு தொடரலாம். எல்லா உயிரினத்துக்கும், எல்லா என்ற வார்த்தையின் கீழே ஒரு கோடு, நாளை மாலைக்குள் இறகு குறைத்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மேலே வலை போட்ட கூடம் கட்டினால் விதி வேறு. அதற்கு மனு கொடுக்கலாம். “ஆறு மாசம் இழுப்பாங்க. இன்னைக்கே கொடுங்க. மேசைக்கு வந்தா நான் பார்க்கிறேன்.”

ஜீப்பில் ஏறப்போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். “மேல போனதை நான் பார்க்கலை,” என்றார். பதிவுக்காகச் சொன்னது மாதிரி இல்லை. பந்தியில் தனக்கு மட்டும் பாயசம் வராததுபோல இருந்தது.

ஜீப் கிளம்பியதுதான் தாமதம், இவாஞ்சலின் சென்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, பாத்தீங்கதானே?”

“பாத்தனுங்க.”

“எப்படிப் போச்சு? ஓடிப் போய் எழும்புச்சா, நின்ன இடத்துலேந்து எழும்புச்சா? கால் இறக்கைய அடிச்சுச்சா? எத்தனை அடி? சொல்லுங்கண்ணே, பதினஞ்சு கோடி வருஷத்துல இதைப் பாத்த ஒரே ஆளு நீங்கதான்.”

சென்னியப்பன் வாயைத் திறந்தான். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தான். ஏதோ காட்டப் போவதுபோல அவற்றை மேலே தூக்கினான். தூக்கிய கை பாதியில் நின்றது. மறுபடி கீழே கொண்டுவந்தான். புருஷனுக்கு வார்த்தை கிடைக்காமல் நிற்பதைப் பாவாயி அன்றுதான் பார்த்தாள்.

“எனக்குச் சொல்ல வர்லீங்க டாக்டரம்மா,” என்றான் கடைசியில். “ஹாரன் சத்தத்துலதானுங்க எழும்புச்சு. மறுக்கா ஒருதரம் அடிக்கட்டுங்களா?”

இவாஞ்சலின் சாலைப் பக்கம் பார்த்தாள். பாவாயி கொட்டகைக்குள் கையைக் காட்டி, “கேமராவைக் கொண்டாறட்டுங்களா?” என்றாள்.

“வேண்டாம்க்கா. படம் இருந்தா சாட்சி ஆயிரும்.”

பாவாயி பொட்டுவைத் தூக்கிச் சோளக் குவியலின் உச்சியில் வைத்தாள். கலைந்திருந்த இறகுகளை ஒவ்வொன்றாக விரலால் நீவி நேராக்கினாள். நாளைக்கு அதே விரல்களுக்கு வேறு வேலை இருந்தது. எழுந்துவந்து டாக்டரம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“வண்டி மெயின் ரோட்டுல ஏறட்டும்,” என்றாள் இவாஞ்சலின்.

மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஜீப் சத்தம் புளியமரங்களைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, தேய்ந்து, காற்றோடு காற்றாகியது.

“ம், அடிங்கண்ணே.”